அண்டாவின் மேல் போட்ட பழி

அன்புள்ள மங்கம்மா அக்காவுக்கு,

நீ போய்ச் சேர்ந்து இந்த ஆடியோடு ஒரு வருஷம் ஆகிவிட்டது. உன்னை எடுத்த அன்று நானும் வந்தேன். தெருமுனை டீக்கடை வரைக்கும் வந்து, அங்கேயே நின்று, அப்படியே திரும்பிவிட்டேன். உன் முகத்தைப் பார்க்கிற யோக்கியதை எனக்கு இல்லை. இப்போது மட்டும் எந்த முகத்தோடு எழுதுகிறாய் என்று கேட்பாய். கேள், நன்றாகக் கேள்.

ஊர்ச் சேதி கொஞ்சம் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வரிசையாக வருகின்றன. உன் மருமகன் அங்கேதான் வேலைக்குப் போகிறான். உன் பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள். நம் பள்ளிக்கூடத்துக்கு ஓடு போய்த் தளம் வந்துவிட்டது. தலைமை ஆசிரியர் நாற்காலியில் மட்டும் அதே ஆள்தான் உட்கார்ந்திருக்கிறான், நான்தான்.

அரிசிக்கு ஊரே வரிசையில் நின்ற அந்த வருஷம் உனக்கு மறந்திருக்காது. கப்பலில் வந்த கோதுமை ரவையை மூட்டை மூட்டையாக நம் பள்ளிக்கு அனுப்பினார்கள். நீ அதை உப்புமாவாகக் கிளறி மத்தியானம் பிள்ளைகளுக்குப் போடுவாய். பாதிப் பேருக்கு அன்றைய பொழுதுக்கு அதுதான் சாப்பாடு. உன் மகள் பார்வதியும் மூன்றாம் வகுப்பு வரிசையில் தட்டோடு நிற்பாள்.

மூட்டைகள் தரையில் படாமல் இருக்க நீ பலகை போட்டு வைத்திருந்தாய். யாரோ அதிகாரி வருகிறார் என்று நான் அந்தப் பலகைகளை உருவி மேடை கட்டினேன். அதிகாரி வந்தார், மாலை போட்டுக்கொண்டார், போனார். "சாரு, பலவய குடுத்துடுங்க, மழ வந்துக்கினு கீது" என்று நீ மூன்று தடவை கேட்டாய். ஆகட்டும் பார்க்கலாம் என்றேன். பெரிய மனுஷன் அல்லவா நான்!

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் அடித்தது. ஐந்தாம் நாள் நீ ஒரு கைப்பிடி ரவையை முந்தானையில் ஏந்திக்கொண்டு என் அறைக்கு வந்தாய். கட்டி கட்டியாக இருந்தது. பச்சையும் வெள்ளையுமாகப் பூசணம் பூத்திருந்தது.

"இன்னா சாரு இது? மாட்டுக்குக்கூட வெக்க மாட்டோம் இத்த. கொட்டிடலாம் சாரு."

"கொட்டினா அடுத்த லாரி வர்ற வரைக்கும் பசங்க பட்டினி கிடக்குமே! அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. வெயில்ல காயப் போடு. நன்னா சலிச்சு எடு. பூண்டும் மிளகாயும் தூக்கலாப் போட்டா வாசனை தெரியாது."

பசங்க பட்டினி கிடக்கும் என்றது பாதி உண்மை. மீதிப் பாதி என்ன தெரியுமா? மூட்டை கெட்டது என்று மேலே எழுதினால் ஏன் கெட்டது என்று கேட்பார்கள். பலகைக் கதை வெளியே வந்துவிடும். அந்தப் பயம்தான் எனக்கு. உனக்கு அப்போதே தெரிந்திருக்குமோ?

மழை விட்டு இரண்டு நாள் வெயிலில் காய வைத்தாய். சலித்தாய். சலித்த ரவையைப் பார்த்தால் புதுசு போலத்தான் இருந்தது. கிளறி இறக்கியதும் ஒரு தட்டில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாய்.

"நாத்தம் போயிடுச்சு சாரு. ஆனா நாக்குல ஒரு கசப்பு நிக்குது. நீங்களே ஒரு வாய் துன்னு பாருங்க."

நான் சாப்பிடவில்லை. "எனக்கு வெளியில சாப்பிடற பழக்கம் இல்லைன்னு தெரியாதா?" என்றேன். திருவள்ளூரில் பெருமாள் கைங்கரியம் செய்கிற குடும்பம், ஆசாரம், அது இது என்று உனக்கு ஒரு பிரசங்கம் வேறு செய்தேன். என் மனைவி கட்டிக் கொடுத்த தயிர்சாதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "போ, மணி அடிச்சாச்சு, பசங்களுக்குப் போடு" என்றேன். அக்கா, ஆசாரத்தின் மேல் பழி போடவில்லை. என் அப்பா அதே ஆசாரக்காரர்தான். தான் தொடாத ஒன்றை இன்னொருவர் பிள்ளைக்குப் போடச் சொல்ல மாட்டார். கசப்பாக இருக்குமோ என்று எனக்கே சந்தேகம் இருந்தது. அதனால்தான் வாயில் வைக்கவில்லை.

சாப்பிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, ஒன்றாம் வகுப்பில் முதல் பிள்ளை வாந்தி எடுத்தது. அப்புறம் வரிசையாக. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்த பிள்ளைகளை மாட்டுவண்டியில் ஏற்றிப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சின்னப் பிள்ளைகள்தான் ரொம்பத் துவண்டு போனார்கள். வண்டியில் உன் மடியில் பார்வதி கிடந்தாள். "உன் பெண்ணுக்காவது போடாமல் இருந்திருக்கலாமே" என்று நான் கேட்டேன். கேட்க வாய் வந்தது பார் எனக்கு! நீ என்னைப் பார்த்தாய்.

"எல்லாப் புள்ளைங்களும் துன்ற அத்தத்தானே எம் பொண்ணும் துன்னணும்?"

நல்ல வேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மேலதிகாரிகள் விசாரிக்க வந்தார்கள். என்ன நடந்தது என்று என்னைத்தான் கேட்டார்கள், உன்னை யாரும் கேட்கவில்லை. "பித்தளை அண்டா. ஈயம் போய்க் களிம்பு ஏறியிருக்கும். சமையல் செய்கிறவள் கவனிக்கவில்லை" என்று சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். களிம்பு என்றதும் எல்லோரும் தலையாட்டினார்கள், எல்லா வீட்டிலும் பித்தளைப் பாத்திரம் இருக்கிறதே. அந்த அண்டாவை அதற்கு முந்தின மாதம்தான் நீ தலையில் தூக்கிக்கொண்டு பொன்னேரிக்குப் போய் ஈயம் பூசிக்கொண்டு வந்தாய். அது எனக்குத் தெரியும். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? இல்லை, பொய் சொல்ல நன்றாகவே வாய் திறந்தது.

உன் வேலை போயிற்று. ஊர் உனக்குக் 'களிம்புக்காரி' என்று பேர் வைத்தது. கல்யாண வீட்டில்கூட உன்னை அடுப்புப் பக்கம் விடவில்லையாமே? ரோட்டில் எதிரே வந்தால் நீ வழக்கம்போல் "சாரு" என்று கும்பிடுவாய். நான் குடையை விரித்துக்கொள்வேன்.

போன வாரம் திருவள்ளூரில் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. சுகாதாரத் துறை அம்மா ஒருவர் பேசினார். "பூசணத்தைத் தட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத விஷம் தானியத்துக்குள்ளேயே தங்கிவிடும். காய வைத்தாலும் போகாது, வேக வைத்தாலும் போகாது. சின்ன உடம்பு, அதனால் குழந்தைகளைத்தான் சீக்கிரம் தாக்கும்" என்றார். பிறகு, "உங்களில் யாராவது அப்படிக் காய வைத்துப் போட்டது உண்டா?" என்று கேட்டார். ஒருவரும் கை தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை. ஐம்பது வயசில் கடைசி பெஞ்சுப் பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கடிதமும் வந்திருக்காது. ஊருக்குத் திரும்பினால் பஞ்சாயத்துக்காரர் நிற்கிறார். புதிதாக வருகிற பாலர் பள்ளிக்குச் சமையல் வேலை கேட்டுப் பார்வதி மனுப் போட்டிருக்கிறாளாம். "இன்னா சார், அந்தக் களிம்புக்காரி பொண்ணாச்சே, வெக்கலாமா? ஊருல பேஜாராயிடப் போவுது" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது, சொல்! உன் பேரைக் கெடுத்தது போதாது என்று உன் மகள் சோற்றிலும் மண் போடப் பார்த்தேனே.

மறுநாள் காலை உன் வீட்டுக்குப் போனேன். பார்வதி குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பலகை, பூசணம், கசப்பு, அண்டா எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தேன். அவள் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னாண்ட எதுக்கு சார் சொல்றீங்க? எனக்கு அப்பவே தெரியும். அம்மா சொல்லிச்சு. 'சாரு கெட்டவரு இல்ல, பயந்துக்கினாரு. என்னிக்காவது நம்ம ஊட்டாண்ட வந்து சொல்லுவாரு'ன்னு சொல்லிக்கினே இருந்துச்சு. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா எட்டிப் பாக்கும். கடைசி வரைக்கும் பாத்துச்சு. நீங்க வரல. இப்ப ஊராண்ட போய்ச் சொல்லுங்க."

பன்னிரண்டு வருஷம் அக்கா. என் வீட்டிலிருந்து உன் வீட்டுக்கு நடந்தால் பத்து நிமிஷம்.

வருகிற திங்கட்கிழமை பெற்றோர் கூட்டம். பஞ்சாயத்துக்காரரையும் வரச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் அங்கே படிப்பேன். அன்று நான் எழுதிக் கொடுத்தது பொய் என்று மேலேயும் எழுதி அனுப்புவேன். என் வேலைக்கு என்ன வந்தாலும் வரட்டும். பார்வதி முன்வரிசையில் உட்காரப் போகிறாளாம். நான் எங்காவது பூசி மெழுகினால் எழுந்து நின்று அவளே சொல்லிவிடுவாளாம். சொல்லட்டும். உன்னைத்தான் ஒருவரும் கேட்கவில்லை, அவளையாவது கேட்கட்டும்.

நீ எட்டிப் பார்த்த நாளிலெல்லாம் வராத உன் தம்பி,
சேஷாத்ரி வாத்தியார்