உழக்குவதை நிறுத்தியும் விழாத ஊசி

“கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை வைச்சு என்னத்தை மாஸ்டர் அளக்கிறது?”

உமது இந்தக் கேள்வி போன கிழமை கிளினிக்கில் எனக்குத் திரும்பவும் கேட்டது. தாதி என் விரல் நுனியில் ஒரு சின்னக் கவ்வியை மாட்டினாள். அதற்குள் சிவப்பாக ஒரு வெளிச்சம் எரிந்தது. சிவப்புக்கு அடுத்தபடியாக இன்னொரு வெளிச்சமும் அதற்குள் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. இரண்டும் விரலைத் தாண்டி மறுபக்கம் எவ்வளவு வந்து சேருகின்றன என்று பார்த்து, இரத்தம் எவ்வளவு ஒட்சிசன் சுமக்கிறது என்று கவ்வி சொல்லிவிடுகிறது. நான் சிரித்ததைக் கண்டு, “ஐயா, அசையாதேங்கோ, நம்பர் பிழைச்சுப்போம்” என்றாள். எவ்வளவு பிழைக்கும் என்பது எனக்கும் உமக்கும் தெரியும்.

உமது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலர் அச்சிடுகிறார்கள். ஒரு பக்கம் எழுதித் தரும்படி உமது மனைவி சொல்லி அனுப்பியிருக்கிறார். கொக்குவிலில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர், கேட்டவர்க்கெல்லாம் உதவியவர் என்று மற்றவர்கள் எழுதுவார்கள். நான் ஒரேயொரு நண்பகலைப் பற்றி எழுதுகிறேன்.

அது போரும் பொருளாதாரத் தடையுமாக இருந்த காலம். மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை. உமது கடையின் பின்தாழ்வாரத்தில் ஸ்ராண்டில் நிறுத்திய சைக்கிள் ஒன்று எப்போதும் நிற்கும். செய்தி கேட்க வருபவர்கள் முறைவைத்து உழக்குவார்கள். டைனமோ சுழலும், றேடியோ பேசும். செய்தி வாசிப்பவருக்குக் குரல் இழுபட்டால், “ஆரது, கஞ்சி குடிக்காமல் வந்தது?” என்று உள்ளேயிருந்து சத்தம் போடுவீர்.

அந்த நாட்களில்தான் மருத்துவமாது ஒருவர் உம்மிடம் வந்தார். நாங்கள் மிஸி என்று கூப்பிடுவோமே, அவர்தான். பண்டத்தரிப்புப் பக்கம் கர்ப்பிணிகளைப் பார்த்துவிட்டுக் கொக்குவிலில் உள்ள தன் வீட்டுக்குச் சைக்கிளில் திரும்புகிறவர். கர்ப்பிணியின் சிறுநீரில் புரதம் இருந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. அதைக் காட்டும் தாள்கள் அப்போது கிடைக்கவில்லை. மிஸி பழைய முறைப்படி சோதனைக் குழாயில் சிறுநீரைக் கொதிக்கவைத்து, இரண்டு துளி வினாகிரி விடுவார். புரதம் இருந்தால் முட்டை வெள்ளைக்கரு போலத் திரண்டு கலங்கும். ஆனால் வெயிலில் நடந்து வரும் பெண்களின் சிறுநீர் கடும் மஞ்சள். அந்த மஞ்சளில் கலங்கல் எவ்வளவு என்று கண்ணால் சொல்வது கடினம். ஐமிச்சத்தில் ஆசுப்பத்திரிக்கு அனுப்பினால், வயிற்றுப் பிள்ளைக்காரி சைக்கிள் பாரில் குந்திப் போகவேண்டும். அனுப்பாமல் விட்டால் வேறு பயம். “ஒரு மீற்றர் செய்து தாங்கோவன்” என்று மிஸி கேட்டார். நீர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் என்னைக் கூப்பிட்டீர். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தால் அளக்கலாம் என்றேன்.

உமது கேள்விக்கு அன்றைக்கு ஒரு சிவப்புக் கண்ணாடித்தாளை வைத்துத்தான் விடை சொன்னேன். மாணவனின் கொப்பியில் நான் சிவப்புப் பேனாவால் திருத்தியதை அந்தத் தாள் வழியாகப் பார்த்தால், திருத்தம் மறைந்துவிடும். அதுபோல, சிவப்புக்கு அப்பாலுள்ள வெளிச்சத்துக்கு மஞ்சள் என்று ஒன்று இல்லவே இல்லை. கலங்கல் மட்டுந்தான் அதை மறிக்கும். நீர் மேசைப் பக்கம் திரும்பி, “அப்ப உது ரி.வி. றிமோட்டுக்குள்ளை இருக்கிற சாமான்” என்றீர். எங்கள் ஊரில் ரி.வி. வேலை செய்யாது, றிமோட்டுகள் உமது மேசை நிறையக் கிடந்தன.

றிமோட்டில் இருந்து விளக்கு, ரி.வி.யில் இருந்து அதை உணரும் கண், உடைந்த மல்ரிமீற்றரில் இருந்து ஊசி. சைக்கிள் டைனமோ மின்சாரம் தந்தது. வெளிச்சம் புகாமல் மூடுவதற்கு என் பழைய குடையின் கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாகத் தைத்தோம். அதற்குள் தலையை விட்டுப் பார்த்து, “அமாவாசைதான்” என்று சான்று கொடுத்தவன் நான். காலையில் வெறும் தண்ணீர்க் குழாயை வைத்து ஊசியை நூறில் நிறுத்துவோம். கலங்கல் கூடக் கூட ஊசி இறங்கும்.

சில நாட்கள் ஊசி தடுமாறியது. நீர் என் காலைக் குறை சொன்னீர்: “மாஸ்டர், உழக்கிறியளோ, நித்திரை கொள்ளுறியளோ?” நான் உமது ஒட்டுவேலையைக் குறை சொன்னேன்: “உம்மடை ஈயத்தைப் பாரும் காணும், என்ரை காலைப் பாராமல்.” இருவரும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டதில், வெயிலை யாரும் பார்க்கவில்லை.

அன்று மிஸி ஐந்து போத்தல்களோடு மத்தியானம் வந்தார். அதில் ஒன்று யோகத்தினுடையது. பண்டத்தரிப்பில் வெங்காயம் நட்டுப் பிழைக்கும் குடும்பத்துப் பெண், தலைப்பிள்ளை, எட்டாம் மாதம்.

“உந்தப் பிள்ளைக்குக் கால் வீங்கியிருக்கு மாஸ்டர். எனக்கெண்டால் கலங்கலாத்தான் தெரியுது.”

ஊசி தொண்ணூற்றாறில் நின்றது. நான் வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னேன்: “கண் ஏமாத்தும் மிஸி. ஊசி ஏமாத்தாது.”

அவர் குழாயை இன்னொருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மீற்றருக்குள் திரும்ப வைத்தார். பிறகு, படித்த மனிதர் சொல்கிறாரே என்று, புத்தகத்தில் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஏதும் இருந்தால் அன்றைக்கே சேதி அனுப்புவதாக யோகத்திடம் சொல்லி வந்திருந்தார். சேதி வராவிட்டால் பயமில்லை என்று அர்த்தம்.

அந்தக் குழாயை எடுக்காமலே நீர் ஊசியைப் பார்த்துக்கொண்டு நின்றீர். நான் வியர்வை துடைக்க உழக்குவதை நிறுத்தினேன்.

“மாஸ்டர், விட்டிட்டியளோ?”

“கால் விட்டுப்போச்சு. ஐஞ்சு நிமிசம் பொறும்.”

“அப்ப ஊசி ஏன் விழேல்லை?”

விளக்கு அணைந்துவிட்டது, ஊசி முப்பத்தைந்தில் நிற்கிறது. உள்ளே மிச்ச மின்சாரம் இருக்கும், இறங்கும் என்றேன். இறங்கவில்லை. நீர் குடைத்துணிக்கும் தாழ்வாரத்துக்குள் விழுந்த வெயிலுக்கும் நடுவில் உமது கையைப் பிடித்தீர். ஊசி விழுந்தது. எடுத்தீர், ஏறியது. மூன்று தரம்.

“மாஸ்டர், உங்கடை குடை எங்களுக்குத்தான் கறுப்பு. உதுக்குக் கண்ணாடி.”

வெயிலிலும் கண்ணுக்குத் தெரியாத அந்த வெளிச்சம் ஏராளம் உண்டு. நான் அதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். மத்தியானத்து வெயில் துணியைத் தாண்டி உள்ளே போய், கலங்கிய நீரையெல்லாம் தெளிந்த நீராகக் காட்டியிருக்கிறது. பிஸ்கற் ரின் ஒன்றால் மூடி, யோகத்தின் குழாயைக் குலுக்கித் திரும்ப வைத்தோம். ஊசி அறுபத்தொன்று. மற்ற நான்கு குழாய்களும் தெளிவாகவே நின்றன.

அப்போது நான் சொன்னதை மறைக்காமல் எழுதவேண்டும். “விடிய வேறை போத்தல் எடுத்து, வடிவாப் பார்த்திட்டுச் சொல்லுவம். இப்ப ஓடிப்போய்ச் சொன்னால், இனி ஒருத்தரும் மீற்றரை நம்பாயினம்” என்றேன். மீற்றரை என்று சொன்னேன்; என்னை என்பதுதான் உள்ளே இருந்தது.

நீர் குரலை உயர்த்தவில்லை. “பிள்ளைத்தாச்சி உங்கடை சோதனைத் தாள் இல்லை மாஸ்டர், ஆறுதலாத் திருத்த” என்று சொல்லிக்கொண்டே டைனமோவைக் கழற்றி, ஸ்ராண்டில் நின்ற சைக்கிளை ரோட்டில் இறக்கினீர். வழியில் மிஸியைக் கூப்பிட்டீர். ஓடாத சைக்கிளில் ஏற்கெனவே அவ்வளவு தூரம் ஓடி முடித்த கால்களோடு நான் என் சைக்கிளில் பின்னால் வந்தேன். ஆறேழு மைல்கட்டைத் தூரம், உச்சி வெயில்.

யோகத்தின் கணவர் சேற்றுக் காலோடு தோட்டத்தில் இருந்து வந்தார். ஆசுப்பத்திரிக்கு இன்றைக்கே போகவேண்டும் என்று மிஸி சொன்னார். கணவர் உம்மைப் பார்த்து, “மீற்றரிலை பார்த்ததோ? அப்ப கணக்குப் பிழைக்காது” என்றார். அந்த இடத்தில் நீர் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திராது.

“பிழைச்சது அண்ணை. என்ரை மீற்றர் முதல் பொய் சொல்லிப்போட்டுது. மிஸியின்ரை கண்தான் சரி. நாங்கள்தான் கேக்கேல்லை.”

“அப்ப இனி உதை ஆர் நம்புறது?”

“மிஸியை நம்புங்கோ. மீற்றரை நான் திருத்துவன். இப்ப தங்கச்சியை வெளிக்கிடுத்துங்கோ.”

மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு பழைய கார் கிடைத்தது. ஆசுப்பத்திரியில் யோகத்துக்குப் பிரஷர் ஏறி நின்றதைக் கண்டு அங்கேயே வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் கிழமை தாயும் பிள்ளையும் வீடு வந்தார்கள்.

மீற்றரின் பேர் கெட்டுவிடும் என்று நான் பயந்தேன். அடுத்த கிழமை போத்தல்கள் கூடித்தான் வந்தன. யோகத்தின் கணவர் ஊரெல்லாம் கதைத்திருக்கிறார்: “தன்ரை பிழையைச் சொல்ல, வெயிலுக்கை உழக்கி வந்த மனிசன்ரை மீற்றர்.” முப்பது வருடம் கற்பித்து நான் வாங்காத சான்றிதழை நீர் ஒரு மத்தியானத்தில் வாங்கினீர். அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. இன்று பெருமை மட்டுமே இருக்கிறது.

அதன்பிறகு நீர் ஒரு விதிமுறை வகுத்தீர். “முதல் இருட்டைப் பாருங்கோ, பிறகு தண்ணியை, பிறகுதான் ஆளை.” ஒவ்வொரு போத்தலுக்கும் முன்னால் நான் உழக்குவதை நிறுத்தவேண்டும், ஊசி பூச்சியத்துக்கு விழவேண்டும். ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றைந்தில் போருக்குப் பயந்து எல்லோரும் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது மீற்றர் கடையோடு போயிற்று. முறை போகவில்லை.

கொக்குவிலுக்கு அடுத்த திருநெல்வேலியில், பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில், என் பழைய மாணவன் ஒருவன் அண்மையில் ஒரு கருவியைக் காட்டினான். அதே வெளிச்சத்தை நூற்றுக்கணக்கான துண்டுகளாகப் பிரித்து, ஒரு துளி திரவத்தில் சீனி எவ்வளவு, புரதம் எவ்வளவு என்று தேடுகிறது. தண்ணீரே வெளிச்சத்தின் பெரும்பகுதியைக் குடித்துவிடும். மிச்சத்தில் ஒவ்வொன்றும் எந்தத் துண்டில் எவ்வளவு குடிக்கிறது என்று பிரித்துப் பார்க்கவேண்டும். துளியை வைக்கமுதல் அவன் கருவியின் கண்ணை மூடினான். “சேர், முதல் இருட்டு எடுக்கவேணும்.”

எட்டாம் வகுப்புவரை படித்த ஒரு மனிதர் அதைக் கொக்குவிலில் தானே கண்டுபிடித்தார் என்று அவனிடம் சொன்னேன். அவன் உமது பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டான்.

இந்த மலரை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். உங்கள் வீட்டுத் தராசில் இன்றைக்கு ஒன்றையும் வைக்காமல், அது என்ன சொல்கிறது என்று பாருங்கள்.