நற்கருணை வரிசையில்

வாஷிங்டன்,
திங்கட்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு, உங்கள் ஜெனிவீவ் வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

பேப்பரில் பார்த்துப் பதறுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். கருக்கலைப்புத் தடை மசோதாவை எதிர்த்து நான் காங்கிரஸ் சபையில் ஓட்டுப் போட்டது உங்களுக்குத் தெரியும். நேற்றுப் பூசையில் நற்கருணை வாங்கப் போனேன். ஃபாதர் டோனலி அப்பத்தைக் கொடுக்காமல், "அந்த ஓட்டுக்காக பிஷப் உத்தரவும்மா. ஆசீர்வாதம் மட்டுந்தான் தர முடியும்" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் அப்பக் கிண்ணத்தையே பார்த்தார். அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. தலைகுனிந்து ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

பின்னால் நின்ற என் தோழி வினிஃப்ரெடும் நற்கருணை வாங்காமல் என்னோடு வந்துவிட்டாள். கருக்கலைப்பு நடக்கும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அதை எதிர்த்துச் செபமாலை சொல்லுகிறவள் அவள்.

"நீ ஏன்டி வந்தே?"

"உன் ஓட்டு தப்புதான், அதுல மாத்தமில்ல. அதுக்காக அவ்வளவு பேர் பாக்க உன்னைத் தனியா நடக்க விடுவேனா? தள்ளி உக்காரு."

பூசை முடியும்வரை அவள் என் கையை விடவில்லை.

ஓட்டை மாற்றிக்கொள்ள என் மனச்சாட்சி இடம் தரவில்லை, அம்மா. பூசையை விடவும் மனம் வரவில்லை.

இங்கே குளிர் இன்னும் விடவில்லை, உங்கள் பழைய கம்பளிச் சால்வையை அனுப்புங்கள். உங்கள் வாசனை போகத் துவைத்துவிட வேண்டாம்.

ஈஸ்டருக்கு வருகிறேன். கோவிலில் உங்கள் பக்கத்தில் உட்காரட்டுமா? ஊர் பேசும் என்றால் பின்னால் நின்றுகொள்கிறேன். மறைக்காமல் எழுதுங்கள்.

வாக்கெடுப்புக்கு மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
ஜெனிவீவ்