பட்டியலில் சேர்ந்த பெயர்

நவம்பர் 2, இரவு

இன்று கல்லறைத் திருநாள். பூசையில் வாசிக்க எங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதித் தரச் சொன்னாள் அம்மா. வீட்டில் பட்டம் வாங்கியவள் நான் மட்டும்தான் என்பதால் இது என் வேலை.

நிறைமாதமாக இருக்கும் மதினி பக்கத்தில் வந்து நான் எழுதிய பட்டியலைப் பார்த்தாள்.

"இம்புட்டுதானா?"

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு இறந்தே பிறந்த பிள்ளையைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. மறுபடியும் அப்படி ஆகிவிடுமோ என்ற பயத்தில் இந்தப் பிள்ளைக்கு அவள் ஒரு துணிகூட எடுத்து வைக்கவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு என்ன பேரு நெனச்சிருந்தீய, மதினி?"

"ஸ்டெல்லா" என்றாள். பிறகு வாய்விட்டு அழுதாள்.

எனக்குப் பிடித்த பேய்க்கதைகளில் எல்லாம், யாரும் நினைக்காத உயிர்தான் அலைகிறது. அந்தப் பெயரையும் பட்டியலில் எழுதிவிட்டேன்.

கல்லறையில் நடந்த பூசையில் சாமியார் அந்தப் பெயரை வாசித்ததும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"இன்னொரு மெழுகுதிரி எடுளா" என்றாள்.

பிள்ளைத்தாய்ச்சி கல்லறைக்கு வரக் கூடாது என்பதால் மதினி வீட்டிலேயே இருந்தாள். நான் திரும்பியபோது அம்மாவின் பழைய சேலையைப் பிள்ளைத்துணிக்காகக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"மைக்குல பேரு நல்லாக் கேட்டுச்சுளா. நேத்து பயந்து பாதில நிறுத்தச் சொன்னேம்லா, அந்தப் பேய்க்கதைய இப்ப வாசி."

வாசித்தேன். பேய் வருவதற்குள் தூங்கிவிட்டாள்.