பிரேக் நாளில் நீ பார்த்த வீடு

என் வளர்மதிக்கு,

நீ பார்த்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். இன்று காலை உன் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் நானே படித்தேன். உள்ளே போய்க் கண்காணிப்பாளரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளர், ஓர் இடம். சமூகப் பணியிலோ சமூகவியலிலோ பட்டம், கணினி அறிவு, குழந்தைகளுக்கான வேலையில் முன் அனுபவம். ஓராண்டு ஒப்பந்தம். பணி நிரந்தரம் கோர முடியாது.

வயது வரம்பையும் பார்த்தேன். நீ இருந்து இன்று புதிதாக விண்ணப்பித்திருந்தால் உன்னைத் தள்ளியிருப்பார்கள். பதினோரு வருடம் உட்கார்ந்த நாற்காலிக்கே தகுதியில்லாமல் போயிருப்பாய். இதைக் கேட்டிருந்தால் எப்படிச் சிரித்திருப்பாய் என்று நினைத்தபடியே வெளியே வந்தேன்.

எந்த மாவட்டம் என்று இங்கே எழுதப்போவதில்லை. பெரம்பலூர், அரியலூர் இரண்டிலும் வேலை பார்த்தாய். ஆபீஸ் வண்டி கிடையாது என்பதால் பூலாம்பாடியிலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் வரை டவுன் பஸ்ஸிலேயே சுற்றினாய். ஊரைச் சொன்னால் நீ கடைசியாக வீடு பார்க்கப் போன பிள்ளை யாரென்று தெரிந்துவிடும். நீ எனக்கே பெயர் சொன்னதில்லை.

ஒன்பது வயதுப் பெண். அம்மா இறந்துவிட்டாள், அப்பா எங்கே என்று தெரியவில்லை. ஒரு வருடமாகக் காப்பகத்தில் இருக்கிறாள். அத்தை தன்னிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கிறார். வீட்டைப் பார்த்து நீ அறிக்கை கொடுத்தால்தான் குழந்தைகள் நலக் குழு அனுப்பும். நீ சொல்லி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

வருடா வருடம் உங்கள் ஒப்பந்தம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு நடுவே ஒரு நாள் விடுவார்கள். தொடர்ந்து வேலை பார்த்தோம் என்று யாரும் உரிமை கேட்டுவிடக் கூடாதே! பிரேக் என்பீர்கள். மற்றவர்கள் அன்று கோயிலுக்கோ துணிக்கடைக்கோ போவார்கள். நீ அத்தையின் வீட்டுக்குப் போனாய். தினக் கூலிக்குப் போகிறவர் அவர். அந்த வாரத்தில் வீட்டில் இருந்தது அன்று மட்டும்தான். போன தேதியையே அறிக்கையில் எழுதினாய். அந்தத் தேதியில் நீ பணியில் இல்லை என்று அறிக்கை திரும்பி வந்தது.

"ஒரு நாள் தள்ளிப் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்ல?" என்று கேட்டேன்.

"முப்பது வருஷமா நியூஸ் எழுதுறியே, எத்தன தேதிய தள்ளிப் போட்ட?"

"அது வேற, இது வேற."

"ஆமாண்ணே. ஒன்னுது பேப்பரு, மறுநாளு பஜ்ஜி மடிச்சுருவாங்க. இது ஒரு புள்ளயோட ஃபைலு. நாளைக்கு அவங்கப்பன் வந்து கேஸு போட்டான்னா மொதல்ல தேதியத்தான் தோண்டுவான். அடுத்த வாரம் மறுபடி போயிட்டு வரேன், பஸ்ஸு என்ன ஓடாமலா போயிரும்?"

பஸ் ஓடியது. நீதான் ஏறவில்லை. அந்த வாரமே நெஞ்சு வலி வந்து, திருச்சியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பொய்த் தேதி போடச் சொன்ன என் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு ஒரு சாயங்காலம் கிடைத்திருக்கக் கூடாதா?

உன் பதினாறாம் நாளுக்கு மறுநாள் அந்தப் பெண்ணின் அத்தை நம் வீடு தேடி வந்தார். மேடம் லீவு என்று மட்டும் ஆபீஸில் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"வளர்மதி மேடம் வூடு இதாங்களா?" என்றவர், மாலை போட்ட உன் படத்தைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்.

"கக்கூஸ் கதவுக்குத் தாப்பா இல்லன்னு அன்னிக்கு என்னைய அப்புடித் திட்டுனாங்க சார். பொம்பளப் புள்ள வரப்போற வூடு, மொதல்ல அத மாட்டுன்னாங்க. மாட்டிட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

பிறகு, "பாப்பாவ அனுப்பிருவாங்களா சார்?" என்றார்.

மறுநாள் உன் ஆபீஸுக்குப் போனேன். "அவங்க ரிப்போர்ட்ட வச்சு ஒன்னும் பண்ண முடியாதுங்க சார். இருக்குற இன்னொருத்தவங்களும் பிரசவ லீவுல போயிட்டாங்க. புதுசா ஆளு வந்து போய்ப் பாக்கணும்" என்றார் கண்காணிப்பாளர். அவர் மேல் கோபம் வரவில்லை. அவருடையதும் ஓராண்டு ஒப்பந்தம்தான்.

இப்போதும் ஏதாவது அரசாணை கைக்கு வந்தால், இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க உன் எண்ணுக்குத்தான் விரல் போகிறது. உன் போனை நான்தான் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். இங்கே நான் கூப்பிட, அடுத்த அறையில் அது அடிக்கிறது. எடுக்க ஆளில்லாத போன் எவ்வளவு நேரம் அடிக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

இந்த பிரேக் நாளைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறேன் என்று நான் சொன்னபோதெல்லாம், "எழுதுனீன்னா அடுத்த வருஷம் லிஸ்ட்டுல எம்பேரு இருக்காது" என்று தடுத்தாய். இனி அந்தப் பயம் உனக்கு இல்லை. எழுதிவிட்டேன்.

ஒன்று செய்வேன் வளரு. உன் இடத்துக்கு யார் வந்தாலும் சேர்ந்த அன்றே போய்ப் பார்த்து, அந்த ஊருக்கு எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும், அத்தை எந்த நாளில் வீட்டில் இருப்பார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அதை அவர் தன் கண்ணால் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

விண்ணப்பிக்க இந்த மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. நேர்காணல் அடுத்த மாத நடுவில் இருக்கலாம் என்கிறார்கள்; தேதி முடிவாகவில்லை. அதன் பிறகு ஆள் சேர வேண்டும், வீட்டைப் பார்க்க வேண்டும், குழு கூட வேண்டும். பள்ளி திறப்பதற்குள் நடக்காது என்று சற்று முன் அத்தையிடம் போனில் சொன்னேன்.

"சரிங்க சார். தீவாளிக்குள்ள?" என்று கேட்டார்.



உன் கூடப் பிறந்தவன்,
அண்ணன்