டைனமோ ஆல்டர்னேட்டர் ஆன கதை

அன்பு மகளுக்கு,

நான் நலம், வண்டியும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது முறை, இந்தக் கோபத்திலும் அந்த ஆசை குறையவில்லை என்பதால் எழுதிவிட்டேன். உன் அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது, குறட்டை நிற்கவில்லை. மாடி வீட்டுக்குப் புதிதாக ஒரு நர்ஸ் குடிவந்திருக்கிறாள், நம் பால் வேன் வாசலை அடைத்து நிற்கிறது என்று வந்த அன்றே சண்டை பிடித்தாள், இப்போது அவளே காலையில் என்னோடு முன்சீட்டில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை அளவாக இருக்கிறது. இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசினால் நீ அழுவாய், நான் மனம் இளகி விட்டுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

பால் டிப்போவில் இனிமேல் குளிர்பெட்டி வைத்த வண்டிக்குத்தான் லோடு என்று சொல்லிவிட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா. ஒரு பெட்டியை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தேன், அது ஓடத் தொடங்கியதும் ஹெட்லைட் தூக்கக் கலக்கத்தில் கண் திறக்கிற மாதிரி மங்கிவிட்டது. மறுநாள் செல்ஃப் எடுக்கவில்லை, நர்ஸும் பக்கத்துக் கடைக்காரர்களும் சேர்ந்து தள்ளினார்கள். இருக்கிற டைனமோ வண்டியோடு கூடவே வந்தது, அதால் தர முடிந்த கரண்ட் அவ்வளவுதான். பெரிதாக ஒன்று மாட்டுவதா, இந்தக் கிழட்டு வண்டிக்கு இனி எதற்கு என்று விட்டுவிடுவதா என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். டிப்போ லோடு போனால் வண்டியும் போகும், வண்டி போனால் எனக்கு வேறு தொழில் தெரியாது.

ஒயரிங் வேலைக்கு உன் மாமாவை விட்டால் எனக்கு யார், கூடப் பிறந்தவன் ஆயிற்றே. பானெட்டைத் திறந்தான், டார்ச் அடித்தான், நெற்றியைச் சொறிந்தான். "பெரிய ஆல்டர்னேட்டர் இந்த இன்ஜினுக்கு உக்காராதுக்கா, பெல்ட்டு வழுக்கும், ஒயரு கருகும், பேசாம வித்துடு" என்றான். நானும் நம்பினேன். வாங்குகிற ஆளையும் அவனே கூட்டி வந்தான், அந்த ஆள் டயரைக் காலால் தட்டிப் பார்த்தபோது என் வயிற்றில் உதைத்தது போலிருந்தது. ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், அப்போதுதான் ஆல்டர்னேட்டர் என்று அவன் சொன்ன அந்த ஒரு சொல் உறைத்தது. உன் மாமா விவரம் தெரிந்த நாளிலிருந்து டைனமோ என்றுதான் சொல்வான். சின்ன வயதில் நீ, டைனமோ இல்லை மாமா, ஆல்டர்னேட்டர் என்று திருத்துவாய், அவன் வேண்டுமென்றே இன்னும் அழுத்தி டைனமோ என்பான், உனக்கு ஆல்டர்னேட்டர் மேடம் என்று பேரே வைத்தான். அவன் வாயில் அந்தச் சொல் ஒட்டிக்கொள்ள வேண்டுமென்றால் யாருடனோ அதைப் பேசிப் பேசித் தீர்த்திருக்க வேண்டும். அந்த யாரோ யார் என்று யோசிக்க எனக்கு வெகுநேரம் ஆகவில்லை.

மறுநாள் உதிரிபாகக் கடைக்குப் போய்க் கேட்டேன். பெரியது அதே இடத்தில் உட்காரும், தடித்த ஒயர் ஒன்று இழுத்து பெல்ட்டை மாற்றினால் போதும், உங்கள் தம்பியே இதே மாதிரி ஒரு வண்டிக்கு வாங்கிப் போனாரே என்றார் கடைக்காரர். நேராக உன் மாமாவின் பட்டறைக்குப் போனேன், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நீதான் அப்படிச் சொல்லச் சொன்னாயாம். அம்மாவின் தோள் வலியை நினைத்து அழுதாயாம், சொன்னால் கேட்க மாட்டாள், வண்டி ஆகாது என்றால்தான் இறங்குவாள் என்று இரண்டு பேரும் முடிவு கட்டினீர்களாம். வீட்டுக்கு வந்து உன் அப்பாவைக் கேட்டேன், டிவி சத்தத்தைக் கூட்டினார். ஆக எல்லோருக்கும் தெரியும், ஓட்டுகிறவளுக்கு மட்டும் தெரியாது.

அந்தத் தோள் வலியை நான் உன் ஒருத்தியிடம்தான் சொன்னேன். பெற்ற மகள் என்று நம்பிச் சொன்னதை எடுத்துக்கொண்டுபோய் எனக்கே குழி பறித்துவிட்டாய். அக்கறையில் செய்தாய் என்று தெரியும், தெரிந்தும் ஆறவில்லை. உன் மாமாவிடம் நான் எதற்குக் கேட்டேன் என்று உனக்குத் தெரியுமா? கியர் மாற்றும்போதெல்லாம் இனி முடியாது என்று எனக்கே தெரிகிறது. பெரியது மாட்டலாம், ஆனால் நீ ஓட்டினது போதும் அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே சாவியைக் கொடுத்திருப்பேன். அப்படி ஒருவர் சொல்ல மாட்டாரா என்றுதான் அவனைக் கூப்பிட்டேன்.

வாங்க வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நேற்று பெரியதை மாட்டியாயிற்று. உன் மாமாதான் மாட்டினான், வேறு ஆள் கையில் வண்டியைக் கொடுக்க மனம் வரவில்லை. நான் டார்ச் பிடித்தேன். குளிர்பெட்டி ஓடுகிறது, விளக்கும் பளிச்சென்று எரிகிறது.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ஒன்று மட்டும் மறக்காதே, என்னைப் பற்றிப் பேசுவதென்றால் என்னிடம் பேசு. வண்டியை நிறுத்தும்மா என்று அன்றே என்னிடம் கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பேன். இனிமேல் கேட்டால் நிறுத்துவேனா, தெரியவில்லை.

இப்படிக்கு,
இன்னமும் டைனமோ என்றே சொல்லும்
உன் அம்மா