காலிப் பெஞ்சும் கேமராவும்

அன்புள்ள உம்மாவுக்கு, சென்னையிலிருந்து மஜீதா ஸலாம் சொல்லி எழுதுவது. உங்கள் மூட்டுவலி குறைந்ததா? நான் சுகம். யுனிவர்சிட்டியில் கூட்டித் துடைக்கிற வேலை பழகிவிட்டது.

திங்கட்கிழமை ஒரு கூத்து நடந்தது. ஒரு சார் காலிப் பெஞ்சுகளைப் பார்த்து, "புரியுதா? கேக்குதா?" என்று பேசிக்கொண்டிருந்தார். கடலில் மௌத்தான என் வீட்டுக்காரரிடம் நானும் தனியாக அப்படித்தானே பேசுகிறேன்? பாவம், இவருக்கும் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து, முன்பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். "எனக்குக் கேக்குது சார், நீங்க பேசுங்க" என்றேன்.

"யம்மா, கேமரா ஓடுது!" என்று சிரித்துவிட்டார். வகுப்புக்கு வராத பிள்ளைகள் பிறகு போனில் பார்த்துப் படிக்கப் பாடத்தைப் பதிகிறார்களாம். சூப்பர்வைசர் என்னைத் திட்ட வந்தார். சார்தான், "விடுங்க, பதில் சொன்ன ஒரே ஆளு இவங்கதான்" என்றார். இப்போது பிள்ளைகள் என்னை "முன்பெஞ்சு அக்கா" என்கிறார்கள்.

உம்மா, காசிம் மாமா ரயில் ஏறும்போது கருவாடும் அலமாரியில் இருக்கிற என் பழைய போனும் கொடுத்துவிடுங்கள். தம்பி கையில் கொடுக்காதீர்கள், எதையாவது அழித்துவிடுவான். "மஜீதா, கரைக்கு வாரேன், உலைய வையி" என்று என் வீட்டுக்காரர் பேசி அனுப்பியது அதில்தான் இருக்கிறது. போன் செத்துப்போனாலும் அழியாதபடி பதிந்து தருகிறேன் என்று சார் சொல்லியிருக்கிறார்.

பெல் அடித்துவிட்டது, போறேன்.

மஜீதா