மாஸ்க் போடச் சொன்ன விதம்

கடலூர், செவ்வாய் இரவு.

காசிம் மாமா இன்னும் கண் திறக்கவில்லை. ஐஸ் கம்பெனியில் எனக்குக் கீழே வேலை பார்ப்பவர், வயதில் என் அப்பாவுக்குச் சமம். காலையில் அம்மோனியா குழாய் கசிந்தது. சரிசெய்யப் போனவரிடம், "மாமா, முடிஞ்சா மாஸ்க் போட்டுக்கங்களேன்" என்றேன்.

"அத போட்டா கண்ணு தெரியல தம்பி. அஞ்சு நிமிஷ வேலை" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பெரியவரிடம் அதற்குமேல் வற்புறுத்துவது மரியாதையாக இருக்காது.

எனக்கு முன்னால் இருந்த சூப்பர்வைசர் எல்லாரையும் வாடா போடா என்பான். அவன் இருந்தவரை எல்லாரும் மாஸ்க் போட்டார்கள். அவனை மாற்றச் சொல்லிக் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது.

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உங்கள மாதிரி மரியாதையா பேசறவங்க யாருமில்லன்னு வீட்ல சொல்லிக்கிட்டே இருப்பாரு தம்பி." அம்மோனியாவை மூச்சில் இழுத்ததில் நுரையீரல் வெந்துவிட்டதாக டாக்டர் சொன்னதை நான் மாமியிடம் சொல்லவில்லை.

நாளை அந்தக் குழாயைக் கழற்ற வேண்டும். மாமாவோடு வேலை பார்க்கும் செல்வம் அண்ணனைத்தான் அனுப்பியாக வேண்டும். கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். "மாஸ்க் இல்லாம உள்ள போகாத" என்று சொல்ல வாய் வரவில்லை. "போட்டுக்கறீங்களாண்ணே" என்றுதான் வருகிறது.